கறி வேண்டாமாம், சிப்ஸ் மட்டும் வேணுமாம்: பிளஸ் ஒன் மகளிடம் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

ஈரோட்டுக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஜூலையில் பள்ளியில் சுற்றுச்சூழல் புராஜெக்ட் ஒன்று செய்தாள், அன்றிலிருந்து கறியைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா கையில் கறிக்கடைப் பையைப் பார்த்தாலே, "ஆடு மாடு விடற மீத்தேன் எவ்வளவுன்னு தெரியுமாப்பா?" என்று ஆரம்பித்துவிடுவாள். சரி, நல்ல புத்திதானே என்று விட்டுவிட்டோம். வாரம் முக்கால் கிலோ எடுத்த இடத்தில் இப்போது அரைக் கிலோ. காசும் மிச்சம்.

போன வாரம் ஆயுத பூஜைக்காக அவள் அறையைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய ஷூ டப்பா. உள்ளே 23 சிப்ஸ் பாக்கெட், எல்லாம் காலி. ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, மொத்தத்துக்கும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருக்கிறாள். குப்பையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன், வெளியே வீசினால் ஊர் கெடும். இரண்டும் இல்லாமல் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள்! சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

இதோடு வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் நூடுல்ஸ், சில நாள் இரண்டு பாக்கெட். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ஹீமோகுளோபின் 9.6. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் எழுதினார். மாமியார், "வாரம் ஒரு சுவரொட்டி வாட்டிக் கொடுத்தா தீர்ந்தது" என்கிறார், ஆட்டு மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்கிறார். சொன்ன அன்றைக்கு வீட்டில் ரகளை.

நான் கறிக்காகச் சண்டை போடுவதா, பாக்கெட்டுக்காகவா? அவள் சொல்லும் மீத்தேன் கணக்கு எவ்வளவு உண்மை?

வெட்டிப்பேச்சு:

அந்த 23-ல் எந்த ஃப்ளேவர் அதிகம்? ஆராய்ச்சிக்காகக் கேட்கிறேன்.

மதுரை டயட்டீசியன்:

பாக்கெட்டைப் பிடியுங்கள் அக்கா. கறியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் கறி சாப்பிடுகிறவர்களும் நிறையப் பேர், அதனால் கறியை விட்டதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். மாதவிடாய் அதிகமா என்று தனியாகக் கேளுங்கள். மாமியார் சொல்வதும் தப்பில்லை, சுவரொட்டியில் இருக்கும் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். ஆனால் 16 வயதுப் பிள்ளைக்கு வாயில் திணிக்க முடியாது. முருங்கைக்கீரை, கொள்ளு, கேழ்வரகு கொடுங்கள், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். மாத்திரையை டீயிலும் பாலிலும் விழுங்கவே கூடாது, இதை முக்கால்வாசி வீட்டில் தப்பாகச் செய்கிறார்கள். பி12 வைட்டமினுக்குத் தயிர், பால் தினம் இருக்கட்டும். முட்டைக்குச் சம்மதித்தால் இன்னும் நல்லது.

அடுத்து நூடுல்ஸ். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது சோடியம் 2,000 மில்லிகிராம். என் கையில் இருக்கும் 70 கிராம் பாக்கெட்டில் 770 போட்டிருக்கிறது. இரண்டு பாக்கெட் என்றால் 1,540. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முக்கால் பங்கு காலி! அதில் வயிறு நிரம்பிவிட்டால் அப்புறம் கீரைக்கும் பருப்புக்கும் எங்கே இடம்?

கறி தின்றால் புற்றுநோய் என்று வாட்ஸப்பில் வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான காரணி என்று சொன்னது சாஸேஜ், பேக்கன், ஹாம் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறியெல்லாம் அதற்கு அடுத்த படியில், "அநேகமாகக் காரணியாக இருக்கக்கூடும்" என்ற பட்டியலில். வாரம் ஒரு நாள் வீட்டுக் குழம்பையும் தினம் தின்கிற சாஸேஜையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பல்லடத்துப் பண்ணை:

ஏனுங்க, கோழியைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. 5,000 கோழி வளர்க்கிறேன், கம்பெனி ஒப்பந்தம். குஞ்சு, தீவனம், மருந்து அவர்களுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், ராத்திரித் தூக்கம் என்னுடையது.

பாப்பா சொல்வது பாதி சரிங்க. உலகத்தில் மனிதனால் வெளியேறும் பசுங்குடில் வாயுவில் (மீத்தேன் மாதிரி பூமியைச் சூடாக்குகிற வாயுக்கள்) 14.5 சதவீதம் கால்நடையால் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-ல் சொன்னது. அதில் மூன்றில் இரண்டு பங்கு மாட்டுக் கணக்கு, பால் மாடும் சேர்த்துத்தான். ஆடும் அசை போடுவதால் ஏப்பத்தில் மீத்தேன் விடும். கோழி அசை போடாது, அந்தக் கணக்கில் சின்ன ஆள். அதற்காகக் கோழி சும்மா வளர்வதில்லை. ரெண்டு கிலோ வருவதற்குள் மூன்றே கால் கிலோ தீவனம் தின்னும். மக்காச்சோளமும் சோயாவும் எங்கேயோ ஒரு நிலத்தில், யாரோ தண்ணீர் பாய்ச்சி விளைந்ததுதானே. மே மாதம் ஷெட்டுக்குள் தண்ணீர் தெளித்தே என் போர் வற்றிவிடும்.

ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பார்கள். 5,000 கோழியைப் பிடித்து ஹார்மோன் ஊசி போட எனக்கு எத்தனை கை வேணும்? சீக்கிரம் வளர்வதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்த கோழிங்க அது. பயப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக். மனிதனுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற கொலிஸ்டினை, எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-ல் மத்திய அரசு தடை போட்டது. நல்ல காரியம், இன்னும் முன்னாடியே செய்திருக்கலாம்.

பொரிக்கிற கடைக்குப் போனபின் கோழி என் பொறுப்பில் இல்லை. எங்கள் ஊர் பைபாஸில் ஒரு கடையில் அந்த எண்ணெயை நான் பார்த்திருக்கிறேன், டிராக்டர் என்ஜின் ஆயில் தோற்றது. என் பையனுக்கு வீட்டில் பள்ளிபாளையம் சிக்கன்தான், தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு அவளோடு தரையில் உட்கார்ந்தேன். திட்டவில்லை. பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன், எனக்குத்தான் கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லையே. உருளைக்கிழங்கு, அடுத்தது பாமாயில். நூடுல்ஸ் கவரை எடுத்தாள், அதிலும் பாமாயில். இந்தோனேசியாவில் காட்டை அழித்து, பாமாயில் எடுக்கிற எண்ணெய்ப் பனை நடுவது அவள் புராஜெக்டிலேயே மூன்றாவது பக்கத்தில் இருக்கிறதாம். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உடனே எழுந்து சமையல்கட்டுக்குப் போய் ரேஷன் பாமாயில் பாக்கெட்டோடு வந்தாள். "இது யாரும்மா வாங்கினது?"

25 ரூபாய்க்குக் கொடுக்கிறான், பண்டிகை முறுக்குக்கு வேறு என்ன ஊற்றுவது என்றேன். எடுபடவில்லை.

மதுரை டயட்டீசியன்:

எண்ணெய்ப் பனை ஒரு ஏக்கருக்குக் கொடுக்கிற எண்ணெய், கடலையையும் சூரியகாந்தியையும் விடப் பல மடங்கு அக்கா. எல்லோரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் அதற்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். பலகாரத்தைக் குறைப்பதுதான் நேர்வழி, பாப்பாவிடம் அதையும் சொல்லுங்கள். பளபளக்கும் அந்த கவரைப் பற்றியும் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் மறுசுழற்சிக்கு எடுப்பது அபூர்வம், சேகரித்தாலும் பெரும்பாலும் சிமென்ட் ஆலையில் எரிக்கத்தான் போகும்.

ஈரோட்டுக்காரி:

பேச்சுவார்த்தை முடிந்தது. சிப்ஸ் வாரம் ஒன்று, என் கண் முன்னால். நூடுல்ஸ் ஞாயிறு மட்டும், மசாலா பாதிப் பொட்டலம். பெருந்துறையில் அம்மாயி வீட்டுக் கோழி முட்டை என்றால் சாப்பிடுவாளாம், கடை முட்டை கூடாதாம். சுவரொட்டிக்கு அனுமதி இல்லை, மாமியார் முகம் இன்னும் சரியாகவில்லை. கவர் கட்டு டப்பாவிலேயே இருக்கிறது, என்ன செய்வது என்று அவள் யோசிக்கிறாள். தீபாவளி முறுக்கு இரண்டு படிக்குப் பதில் ஒரு படி, கடலை எண்ணெயில்.

வெட்டிப்பேச்சுக்கு: தக்காளி. 23-ல் 14.