தடுமாறும் பேக்கப் லைன்மேன்களைக் கைமாற்றிக்கொள்வதால் யாருக்கு லாபம்? 2012 ஜெட்ஸ் – ராம்ஸ் ட்ரேட் குறித்து

பச்சைச்சட்டை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் பிறந்து என்எஃப்எல்லின் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ப்ரீசீசன் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால், பேக்கப் (மாற்று) ஆஃபென்சிவ் லைன்மேன்களை, அதாவது பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பாளர்களை, யாரிடமாவது கொடுத்துவிட்டு வேறு ஆட்களை வாங்க வேண்டும் என்ற பேச்சு எல்லா அணிகளின் ரசிகர்களிடமும் எழுந்துவிடுகிறது. நல்ல டேக்கிள் (அந்த வரிசையின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்) ஒருவரை அந்த நேரத்தில் எந்த அணியும் விட்டுக்கொடுக்காது. ஆகவே, கடைசியில் பெரும்பாலும் நடப்பது, ஓர் அணிக்கு வேண்டாத ஆட்டக்காரரைக் கொடுத்து இன்னோர் அணிக்கு வேண்டாத ஆட்டக்காரரை வாங்குவதுதான்.

இதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 2012 ஆகஸ்டில் நடந்த ட்ரேட். நியூயார்க் ஜெட்ஸ் வெய்ன் ஹண்டரைக் கொடுத்து, செயின்ட் லூயிஸ் ராம்ஸிடமிருந்து ஜேசன் ஸ்மித்தைப் பெற்றுக்கொண்டது. டேமியன் வுடி விலகிய பிறகு 2011இல் ரைட் டேக்கிள் இடம் ஹண்டருக்கு வந்தது. அந்தப் பருவத்தில் குவாட்டர்பேக் மார்க் சான்செஸ் 39 முறை சாக் செய்யப்பட்டார் (பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார்). அத்தனைக்கும் ஹண்டர் ஒருவரே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் ரசிகர்களின் கோபம் முழுவதும் அவர்மீதுதான் விழுந்தது. 2012 ஜூலையில் கரோலினாவிலிருந்து ஜெஃப் ஓட்டாவை வாங்க ஜெட்ஸ் முயன்றது. அவர் மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் அந்த ட்ரேட் ரத்தாகிவிட்டது. அதன்பின் ப்ரீசீசனில் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஹண்டர் மிக மோசமாகத் தடுமாறினார். பயிற்சியாளர் ரெக்ஸ் ரயன் அவரை இறக்கிவிட்டு ஆஸ்டின் ஹாவர்டை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அடுத்த சில நாள்களுக்குள்ளேயே ஹண்டர் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்.

என் கேள்வி இதுதான். இரு அணிகளும் ஏதோ ஒரு கணக்கோடு இதைச் செய்தனவா, அல்லது ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் நடந்த வெறும் கைமாற்றமா? ஒரு ஜெட்ஸ் ரசிகனாக எனக்கு இன்றுவரை இதில் மனநிறைவான விளக்கம் கிடைக்கவில்லை.

டோம்பக்கம்

ராம்ஸ் தரப்பிலிருந்து பார்த்தால் இதில் கணக்கு இருந்தது, நண்பரே. 2011இல் 2–14 (2 வெற்றி, 14 தோல்வி) என்று முடித்த அணி அது. 2012இல் பயிற்சியாளராக ஜெஃப் ஃபிஷரும் பொது மேலாளராக லெஸ் ஸ்னீடும் புதிதாக வந்திருந்தார்கள். ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டராக (தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியாளராக) வந்தவர் பிரையன் ஷாட்டன்ஹைமர். அதற்கு முந்தைய ஆறு பருவங்களிலும் ஜெட்ஸ் அணியில் அதே பொறுப்பை வகித்தவர் அவர். ஆக, ஹண்டருக்கு அவருடைய பிளேபுக் (ஆட்டத் திட்டத் தொகுப்பு) முழுவதும் ஏற்கெனவே பழக்கம். பருவம் தொடங்க மூன்று வாரங்கூட இல்லாத நிலையில் வாங்கும் ஒரு பேக்கப் டேக்கிளுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறென்ன இருக்க முடியும்?

ஸ்மித்தை விட்டதும் எளிதாகப் புரியக்கூடியதே. 2009 டிராஃப்டில் (புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில்) ஸ்டாஃபோர்டுக்கு அடுத்து, இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். ஆர்லாண்டோ பேஸ் விட்டுச்சென்ற லெஃப்ட் டேக்கிள் இடத்துக்கு என்றே எடுக்கப்பட்டவர். அவருடைய முதல் ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட தொகை மட்டும் 33 மில்லியன் டாலர். புதுமுக வீரர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டிய 2011 தொழிலாளர் உடன்படிக்கைக்கு முந்தைய காலத்து ஒப்பந்தம் அது. அந்த மாற்றத்தின் அளவை அறிய, 2010இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் உறுதியளிக்கப்பட்டதையும், அடுத்த ஆண்டு அதே இடத்தில் தேர்வான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் மொத்தமே 22 மில்லியனாக இருந்ததையும் ஒப்பிட்டால் போதும். 2012இல் ஸ்மித் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டுதான் அணியில் நீடித்தார். இருந்தும், கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த பேரி ரிச்சர்ட்சனிடம் ரைட் டேக்கிள் இடத்தை இழந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் பொறுப்பில் இல்லாதபோது, அவருக்காகக் காத்திருக்கும் கடமையும் யாருக்கும் இல்லை.

அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே லெஃப்ட் டேக்கிள் ரோஜர் சஃபோல்டு முழங்கால் காயத்தால் வெளியேறியபோது, அந்த இடத்தில் இறங்கியவர் ஹண்டர்தான். சஃபோல்டு இல்லாத அந்த வாரங்களில்தான் ராம்ஸ் சீஹாக்ஸை 19–13 என்றும் கார்டினல்ஸை 17–3 என்றும் வென்றது. ஹண்டர் சிறப்பாக ஆடினார் என்று நான் வாதாடவில்லை. வாங்கப்பட்ட நோக்கத்துக்கு அவர் பயன்பட்டார் என்றே சொல்கிறேன்.

மூன்றுபுள்ளிநிலை

இருவரும் அணிகளின் கணக்கைப் பேசுகிறீர்கள். ஆட்டக்காரர்களின் கால்களைப் பற்றிப் பேசாமல் இந்த ட்ரேடைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

ரைட் டேக்கிள் ஒருவர் பாஸ் பிளாக்கிங் (பந்தை எறிபவரைக் காத்தல்) செய்யும்போது, பந்து நகர்ந்த கணத்தில் வலது காலைப் பின்னோக்கிச் சாய்வாக எடுத்து வைத்து, இடது கால் அதைப் பின்தொடர, தோள்கள் திரும்பாமல் பின்வாங்க வேண்டும். வெளிப்பக்கமாக விரைந்து வரும் எட்ஜ் ரஷரை (குவாட்டர்பேக்கைத் தாக்க ஓடிவரும் எதிரணி வீரரை) நினைத்துப் பயந்து அந்த முதல் அடியை அளவுக்கு மீறி அகலமாக வைத்துவிட்டால், உள்பக்கம் வழி திறந்துவிடும். அதை அடைக்க அடுத்த முறை அடியைக் குறைத்தால், ரஷர் வெளிப்பக்கமாகவே சுற்றிச் சென்றுவிடுவார். தன்னம்பிக்கை இழந்த டேக்கிளை அடையாளம் காண்பது எளிது: ஒரு முறை வெளிப்பக்கம் தோற்றதும் அடுத்த ஸ்நாப்பில் (பந்து நகர்ந்து ஆட்டம் தொடங்கும் கணத்தில்) அவசரப்பட்டு அகல அடி வைப்பார், உடனே உள்பக்கம் தோற்பார், அதன்பின் இரண்டுக்கும் நடுவில் குழம்பிக் கைகளைத் தாமதமாக நீட்டுவார். ஹண்டரின் கடைசி ஜெட்ஸ் நாள்களில் நான் கண்டது இதைத்தான். ஜயன்ட்ஸ் அணியில் ஜேசன் பியர்–பால், ஓசி உமென்யோரா போன்றவர்கள் இருந்த காலம் அது. அத்தகையவர்கள் இந்தக் குழப்பத்தை முதல் இரண்டு ஸ்நாப்களிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஸ்மித்தின் சிக்கல் வேறு வகை. பேய்லர் பல்கலைக்கழகத்துக்கு டைட் எண்டாக (வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவராக) சென்று, பின்னர் டேக்கிளாக மாற்றப்பட்டவர் அவர். ராபர்ட் கிரிஃபின் குவாட்டர்பேக்காக ஆடிய ஸ்ப்ரெட் ஆஃபென்ஸில் (வீரர்களை அகலமாகப் பரப்பி ஆடும் முறையில்), பெரும்பாலும் கையைத் தரையில் ஊன்றாமல் நின்றபடியே தொடங்கிப் பழகியவர். என்எஃப்எல்லுக்கு வந்ததும் நிற்கும் நிலை மாறியது. அடுத்த ஆண்டே சஃபோல்டு வந்ததால் இடமும் இடதிலிருந்து வலதுக்கு மாறியது. அதன் பொருள், ஒவ்வோர் அடியையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிக் கற்க வேண்டும் என்பது. இதற்கிடையில் 2009 பருவம் மூளை அதிர்ச்சியால் பாதியில் முடிந்தது. 2011 பருவமும் தலைக் காயத்தால் அப்படியே முடிந்தது. கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்களை இப்படி இழந்த ஓர் இளைஞரைத் தோல்வி என்று எளிதாக எழுதிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டோம்பக்கம் குறிப்பிட்ட அதே 2011 உடன்படிக்கை, முழுக் கவசத்துடன் ஒரே நாளில் இரு முறை நடந்த பயிற்சிகளை நிறுத்திவிட்டது. பருவத்தின்போது முழுக் கவசப் பயிற்சிகள் மொத்தமே 14 என்றும் வரையறுத்தது. வீரர்களின் உடல்நலத்துக்கு இது அவசியமான மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லைன்மேன்கள் திருந்துவது கவசம் அணிந்து ஒருவரோடொருவர் மோதும் பயிற்சியில்தான். ஆகஸ்ட் பிற்பாதியில் வாங்கப்படும் ஒருவரைத் திருத்துவதற்குப் புதிய லைன் பயிற்சியாளரிடம் நேரமே இருப்பதில்லை. அவர் எந்தக் குறையோடு வந்தாரோ அந்தக் குறையோடுதான் முதல் வார ஆட்டத்துக்குப் போவார்.

பச்சைச்சட்டை

விளக்கங்களுக்கு நன்றி. ஷாட்டன்ஹைமர் தொடர்பை நான் போதிய அளவு எடைபோடவில்லை என்பது புரிகிறது. ஆனால் இது ஜெட்ஸ் தரப்புக்கு விடையாகவில்லை. ஹாவர்டை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றால், ஸ்மித் எதற்கு? ஹண்டரையே பேக்கப்பாக வைத்திருக்கலாமே?

டோம்பக்கம்

நியூயார்க்கில் ஹண்டர் ஒவ்வொரு முறை களமிறங்கும்போதும் கூச்சல் எழுந்திருக்கும். தன்னம்பிக்கை குலைந்த ஒருவருக்கு அது எந்த வகையிலும் உதவாது. இடம் மாறியது ஹண்டருக்கே நல்லது என்று நினைக்கிறேன்.

ஐந்துபேர்சுவர்

ஜெட்ஸ் தரப்புக்கு விடை, ஆட்ட நாள் பட்டியலில் இருக்கிறது. அணியில் 53 பேர் இருந்தாலும், அந்நாளைய விதிப்படி ஆட்ட நாளில் 46 பேரைத்தான் களத்துக்குக் கொண்டுவர முடியும். அதில் லைன்மேன்கள் ஏழு அல்லது எட்டுப் பேர். ஐவர் முன்வரிசையில் ஆடினால், மீதி இரண்டு மூன்று பேரே எல்லா இடங்களுக்கும் மாற்று. ஆகவே பேக்கப் டேக்கிள் என்பவர் இரு பக்கமும் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதோடு, ஆட்டத்தின் நடுவே வேறு ஏதாவது வேலைக்கும் பயன்பட வேண்டும். புதிய கோஆர்டினேட்டர் டோனி ஸ்பரானோ ஓட்ட ஆட்டத்தை நம்பியவர். ஸ்மித்தை அவர் ஆறாவது லைன்மேனாக, டைட் எண்ட் நிற்கும் இடத்தில் நிறுத்தி ஆடவைத்தார். பேய்லருக்கு டைட் எண்டாகப் போனவருக்கு அது ஒருவகையில் பொருத்தமான வேலைதான். ஆனால் 2009இன் இரண்டாவது தேர்வு, ஐந்தாவது தேர்வான சான்செஸுக்கு முன்னால் அத்தகைய சில ஸ்நாப்களுக்கு மட்டும் வந்து நின்றது, அந்த டிராஃப்டைப் பற்றி நிறையச் சொல்கிறது. பருவம் முடிந்ததும் ஜெட்ஸ் அவரை விடுவித்துவிட்டது.

இந்த விவாதத்தில் யாரும் போதிய இடம் கொடுக்காத பெயர் ஆஸ்டின் ஹாவர்ட். வடக்கு அயோவாவிலிருந்து வந்து, 2010 டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாதவர் அவர். ஈகிள்ஸிலும் ரேவன்ஸிலும் நிலைக்க முடியாமல் 2011 பருவத்தின் நடுவில் ஜெட்ஸுக்கு வந்து, பின்வரிசையிலேயே பயின்றவர். 2012 முதல் வாரத்தில் அவருக்கு எதிரே நின்றவர், அந்த ஆண்டு மார்ச்சில்தான் 100 மில்லியன் டாலர் வரை செல்லக்கூடிய ஆறாண்டு ஒப்பந்தத்தில் பஃபலோ வாங்கியிருந்த மாரியோ வில்லியம்ஸ். வில்லியம்ஸுக்கு அன்று ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. ஜெட்ஸ் 48–28 என்று வென்றது. ஹாவர்ட் 2012, 2013 இரு பருவங்களிலும் 16 ஆட்டங்களையும் தொடங்கினார். 2014இல் ரெய்டர்ஸ் அவருக்கு ஐந்தாண்டுக்கு 30 மில்லியன் ஒப்பந்தம் கொடுத்தது. ஜெட்ஸின் ரைட் டேக்கிள் சிக்கலைத் தீர்த்தவர் ட்ரேடில் வந்தவர் அல்ல. ஏற்கெனவே அதே பயிற்சிக் களத்தில் இருந்தவர்.

ராம்ஸிலும் நிலைமை வேறல்ல. அதே 2012 செப்டம்பரில் ரெய்டர்ஸ் விடுவித்த ஜோ பார்க்ஸ்டேலை ராம்ஸ் வேவர் (விடுவிக்கப்பட்டவர்களை மற்ற அணிகள் கோரும் முறை) வழியாக எடுத்தது. அதற்காக யாரையும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் ரைட் டேக்கிளாக நிலைபெற்றார்.

மூன்றுபுள்ளிநிலை

ஹாவர்டைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இடமாற்றமே பயனற்றது என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. ராம்ஸ் 2014இல் மீண்டும் இரண்டாவது தேர்வில் ஒரு டேக்கிளை எடுத்தது. ஆபர்னின் கிரெக் ராபின்சன். அவரும் தடுமாறினார். 2017 ஜூனில் ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்கு டெட்ராய்ட் லயன்ஸிடம் கொடுக்கப்பட்டார், அங்கும் பருவம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார். ஆனால் 2018இன் பிற்பாதியில் கிளீவ்லாந்தில் லெஃப்ட் டேக்கிளாகத் தொடங்கி, குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டின் முன்னால் நன்றாகவே நின்றார். ராபின்சனின் கால்கள் ஒரே ஆண்டில் மாறிவிட்டன என்று நான் நம்பவில்லை. கோஆர்டினேட்டர் டாட் ஹேலி நீக்கப்பட்டு, ஒவ்வோர் ஆட்ட உத்தியையும் ஃப்ரெடி கிச்சன்ஸ் தீர்மானிக்கத் தொடங்கிய பிறகு, பந்து மேஃபீல்டின் கையைவிட்டு விரைவாகப் போயிற்று. டேக்கிள் தாங்க வேண்டிய நேரமும் அந்த அளவுக்குக் குறைந்தது. ஸ்மித்துக்கோ ஹண்டருக்கோ 2012இல் அப்படி ஓர் ஆஃபென்ஸ் அமையவில்லை.