ஏற்காட்டுல சைக்கிளுக்குப் போடற கவசம் குல்மார்க் பனிக்கு ஆகுமா?

அடிவாரம்20 கேட்டது:

வணக்கம்ங்க. பிப்ரவரியில குல்மார்க்ல 14 நாள் பயிற்சிக்கு நானும் தங்கச்சியும் போறோம். எனக்கு ஸ்னோபோர்டு, முதல் தடவை. தங்கச்சிக்கு ஸ்கீ நல்லாவே வரும், இந்தத் தடவை சின்ன ஜம்ப், ரெயில் (பனியில நட்டு வெச்ச இரும்புக் கம்பி மேல வழுக்கிப் போறது)னு ஃப்ரீஸ்டைல் பக்கம் போகணும்ங்கறா. கையில இருக்கறதெல்லாம் ஏற்காடு எஸ்டேட் பாதையில மவுண்டன் பைக் ஓட்ட வாங்கின சாமான்தான்: சைக்கிள் ஹெல்மெட் ரெண்டு, முட்டி பேட், முழங்கை பேட், பைக் ஜாக்கெட்டுக்குள்ள வந்த முதுகு பேட், ஸ்கேட்டிங் மணிக்கட்டு கார்டு ஒரு ஜோடி.

இதுல எது ஆகும், எது ஆகாது? புதுசா வாங்கறதுன்னா முதல்ல எதுக்குக் காசு போடணும்? சேலத்துல பைக் கியர் கடையில பாத்தா எல்லாத்துலயும் "சிஇ லெவல் 2"ன்னு போட்டிருக்கு. அதை நம்பி எடுக்கலாமா?

காப்பித்தோட்டம்:

பேட் எவ்வளவு தடிமன்னு பாக்கறதுக்கு முன்னாடி, எப்படி விழுவீங்கன்னு பாருங்க.

ஸ்னோபோர்டுல ரெண்டு காலும் ஒரே பலகையில கட்டிக் கிடக்கும். பூட்ஸைப் பலகையோட பிடிச்சு வெக்கற பைண்டிங் விழும்போது கழராது. பள்ளத்துப் பக்கம் இருக்கற விளிம்பு பனியில மாட்டிக்கிட்டா, ஒரு காலை எடுத்து வெச்சுச் சமாளிக்க வழியே இல்ல. முன்பக்கமா விழுந்தா உள்ளங்கையும் முட்டியும் வாங்கும். பின்பக்கமா விழுந்தா முதல்ல வால் எலும்பு, அடுத்த நொடி பின்மண்டை. அதனால உங்களுக்கு ஹெல்மெட், மணிக்கட்டு கார்டு, வால் எலும்பு பேட் வெச்ச ஷார்ட்ஸ், முட்டி பேட்னு இந்த வரிசையில காசு போடுங்க. பச்சைச் சரிவுல, அதாவது புதுசா வர்றவங்களுக்கான சுலபமான சரிவுல கத்துக்கற ஆளுக்கு முதுகுக் கவசம் கடைசிதான்.

தங்கச்சிக்குக் கணக்கு வேற. ரெயில்ல வழுக்கினா இரும்பு மேலயே பக்கவாட்டுல விழுவாங்க. இடுப்பெலும்பு, தொடை, விலா, முதுகு, இதெல்லாம் நேரடியா அடிபடற இடம். ஹெல்மெட்டுக்கு அடுத்து முதுகுக் கவசமும், ரெண்டு பக்கமும் இடுப்பு பேட் இருக்கற ஷார்ட்ஸும் வாங்கிக் குடுங்க.

இப்ப உங்க சாமானுக்கு வரேன்.

சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். அது இஎன் 1078ங்கற ஐரோப்பிய சைக்கிள் தரத்துக்குச் செஞ்சது. பனிக்கு வேண்டியது இஎன் 1077, இல்லாட்டி ஏஎஸ்டிஎம் எஃப் 2040ங்கற அமெரிக்கத் தரம். பனி ஹெல்மெட்டுக்கு மோதல் சோதனையோட கூர்முனை குத்தற சோதனையும் உண்டு. ஸ்கீ முனை, கம்பு, மரக்கிளை எல்லாம் இருக்கற இடமாச்சே. சைக்கிள் தரத்துல அது கிடையாது. 1077லயே ஏ, பி ரெண்டு வகுப்பு இருக்கு. ஏ வகுப்புல ஓடு காதையும் மூடிட்டு வரும். பி வகுப்புல காதுக்கு மெத்துத் துணி மட்டும். காது நல்லா கேக்கும், எடையும் குறைவு. ரெண்டு தரமும் வாங்கின ஹெல்மெட்டும் கடையில இருக்கு, அதை ஏற்காட்டுக்கும் வெச்சுக்கலாம். பைக்குக்குப் போடற ஐஎஸ்ஐ ஹெல்மெட் நினைப்பே வேண்டாம். கழுத்துக்குப் பாரம், பக்கவாட்டுல வர்றவங்க தெரியமாட்டாங்க.

அளவு எடுக்கறப்ப புருவத்துக்கு ஒரு விரக்கடை மேல டேப்பைச் சுத்துங்க. வார் கட்டாம தலையை ஆட்டினா ஹெல்மெட்டோட நெத்தித் தோலும் சேர்ந்து அசையணும். பனிக்குப் போடற காகிள்ஸ் கண்ணாடியைக் கையோட கொண்டு போய் மாட்டிப் பாருங்க. கண்ணாடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல நெத்தி தெரிஞ்சா அளவு தப்பு. உள்ள மங்கி குல்லா போடவே கூடாது, அது பொருத்தத்தையே கெடுத்துடும். மிப்ஸ் உறை இருந்தா எடுங்க, சாய்வா விழறப்ப தலை திருகற வேகத்தை அது கொஞ்சம் வாங்கிக்கும்.

அடுத்து அந்த "சிஇ லெவல் 2". சிஇங்கறது ஐரோப்பியக் குறி. தனியா அந்த எண்ணை மட்டும் பாத்து வாங்காதீங்க, கூடவே எந்தத் தரம்னு பாருங்க. முட்டி, முழங்கை, தோள், இடுப்புக்கு இஎன் 1621-1. முதுகுக்கு 1621-2. நெஞ்சுக்கு 1621-3. முட்டி பேட்டையும் முதுகு பேட்டையும் 50 ஜூல் ஆற்றலோட இடிச்சு, அடியில எவ்வளவு விசை இறங்குதுன்னு அளப்பாங்க. முதுகுல லெவல் 1க்கு சராசரி 18 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது, லெவல் 2க்கு 9. கை கால் பேட்டுல அதே லெவல் 1க்கு 35, லெவல் 2க்கு 20. முட்டி பேட்டோட லெவல் 2ம் முதுகோட லெவல் 2ம் ஒண்ணு கிடையாதுங்க.

பைக் ஜாக்கெட்டோட வர்ற முதுகு பேட் பல சமயம் வெறும் பஞ்சு. எடுத்துப் பாருங்க. பேட் மேலயே பைக் ஓட்டற உருவமும் தர எண்ணும் அச்சடிச்சிருக்கணும், ஜாக்கெட் சீட்டுல இருந்தா போதாது. அதுல 'T' எழுத்துக்குப் பக்கத்துல கழித்தல் குறி இருந்தா மைனஸ் 10 டிகிரியிலயும் சோதிச்சதுன்னு அர்த்தம். குல்மார்க்குக்கு அந்தக் குறி முக்கியம், ஏன்னா டி3ஓ மாதிரி மெத்துனு இருந்து அடிபட்டதும் இறுகற பொருளெல்லாம் குளிர்ல விறைச்சுக்கும். அதனாலதான் பேட்டை ஜாக்கெட்டுக்கு மேல போடாம, உடம்பு சூடு படற மாதிரி உள்பனியன் மேல போடச் சொல்றது.

இன்னொண்ணு, ஜாக்கெட் பையில சொருகின பேட் உருண்டு விழறப்ப நகர்ந்துடும். தங்கச்சிக்கு இடுப்புப் பட்டையோட உடம்புல இறுகற வெஸ்ட்தான் சரி. கழுத்தடியில துருத்திட்டு இருக்கற எலும்புல இருந்து இடுப்பு வரைக்கும் அளந்து அந்த நீளத்துக்கு வாங்கணும். குனிஞ்சு பூட்ஸ் பக்கிளைப் போடச் சொல்லுங்க. கவசத்தோட மேல் முனை ஹெல்மெட்டை முட்டித் தள்ளினா ஒரு அளவு சின்னது எடுங்க.

கோரிமேடு பிசியோ:

மேல சொன்னதோட சில விஷயம் சேர்த்துக்கணும், முக்கியமா தங்கச்சிக்கு.

முதுகுக் கவசம் நேரடி அடியைத்தான் வாங்கும். ஜம்ப்ல இருந்து உக்காந்த வாக்குல சமதரையில விழுந்து முதுகெலும்பு அமுங்கறதையும், தலைகுப்புற விழுந்து கழுத்து மடங்கறதையும் அது தடுக்காது. போட்டிருக்கோம்ங்கற தைரியத்துல பெரிய ஜம்புக்குப் போகக்கூடாது.

ஸ்கீல அதிகம் போறது முட்டி சவ்வு. முட்டி பேட் அதுக்கு ஒண்ணும் பண்ணாது, பைண்டிங் சரியான நேரத்துல கழண்டாதான் முட்டி தப்பிக்கும். எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், ஓட்டற விதம் இந்த அஞ்சையும் வெச்சுக் கடைக்காரர் டின் எண் (எவ்வளவு விசைக்கு பைண்டிங் கழரணும்ங்கற அளவு) வைப்பாரு. எடையைக் குறைச்சோ கூட்டியோ சொல்லாதீங்க. ஜம்ப்ல கழண்டுக்குதுன்னு ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தானா ஏத்தவும் கூடாது. வாடகை பூட்ஸ் மாத்தினா எண்ணையும் திரும்பப் பாக்கச் சொல்லணும்.

அடுத்தது கட்டைவிரல். கம்பைப் பிடிச்சபடியே விழுந்தா கட்டைவிரல் அடியில இருக்கற தசைநார் கிழியும். கம்பு வாரை மணிக்கட்டுல மாட்டாம ஓட்டினா கம்பு தானா விட்டுப் போயிடும். இதுக்குச் செலவே இல்லைங்க.

அடிவாரம்20:

ரொம்ப நன்றிங்க. பிரிச்சுப் பாத்தேன், ஜாக்கெட் பேட்டுல ஒரு எழுத்தும் இல்ல, வெறும் பஞ்சுதான். ஸ்கேட்டிங் கார்டை வெச்சு ஓட்டலாமா? அப்புறம் சைக்கிள் ஷார்ட்ஸ்ல மெத்தை இருக்கே, வால் எலும்புக்கு அது போதாதா?

முண்டகம்பாடி:

சைக்கிள் ஷார்ட்ஸ் மெத்தை சீட் உரசலுக்கு வெச்சது. அது உக்கார்ற எலும்புக்கு அடியில இருக்கும், வால் எலும்பு அதுக்குப் பின்னாடி மேல இருக்கு. எடம் வேற, பொருளும் வேற. வாங்கற ஷார்ட்ஸைப் போட்டுட்டுத் தரையில பொத்துனு உக்காந்து பாருங்க. வால் எலும்பு தரையை உணரக்கூடாது, பேட் மேல ஏறவும் கூடாது. பனி பேன்ட்டை அதுக்கு மேல போட்டு அளவு பாத்துதான் எடுக்கணும்.

ஸ்கேட்டிங் கார்டு இல்லாததுக்கு இருக்கறது மேல்னு சொல்வேன்.

காப்பித்தோட்டம்:

அதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஸ்கேட்டிங் கார்டோட உள்ளங்கைத் தகடு தார் ரோட்டுல வழுக்கிப் போக வெச்சது. நீளம் குறைவு, விறைப்பு ஜாஸ்தி. பனியில கை ஊன்றி நின்னுடும், அந்த நெம்பல் கார்டு முடியற எடத்துல முன்கை எலும்புக்குப் போகும். ஸ்னோபோர்டுக்குன்னே ஐஎஸ்ஓ 20320னு 2020ல தரம் வந்திருக்கு. முன்கைல நல்லா மேல வரைக்கும் ஏறி, முனைப் பக்கம் போகப் போக வளையற மாதிரி, உள்ளங்கையில அதிர்ச்சி வாங்கற மெத்து இருக்கறதா பாருங்க.

முண்டகம்பாடி:

சரிங்க, நெம்பல் விஷயம் நியாயம். அப்ப புதுசே வாங்கட்டும். ஆனா கார்டு வாங்கறப்ப கையுறையும் கொண்டு போகணும். கார்டு உள்ள, விரல் சேர்ந்த பெரிய கையுறை மேல. அந்தக் கையோட பைண்டிங் பட்டையை இழுத்து மாட்ட முடியணும். விரல் மரத்துப் போற அளவுக்கு இறுக்கினா ரத்த ஓட்டம் குறைஞ்சு குளிர் சீக்கிரம் ஏறும்.

முட்டி பேட் உங்க பழசே ஆகும், மெல்லிசா இருந்து பேன்ட்டுக்குள்ள போனா. பைண்டிங் மாட்ட முட்டி போட்டு உக்கார்றப்ப ஸ்னோபோர்டுல அது உதவும். முழங்கை பேட்டை வீட்லயே வெச்சுட்டுப் போங்க.

வாங்கினதை சேலம் வெயில்ல காரு டிக்கியில போட்டு வெக்காதீங்க, ஹெல்மெட் தெர்மோகோல் சூட்டுல கெட்டுப்போகும். ஷார்ட்ஸைத் துவைக்கறதுக்கு முன்னாடி பேட்டை உருவிடுங்க, உறையை மட்டும் துவைச்சு நிழல்ல காயப் போடணும். ஹெல்மெட்ல பலமா ஒரு அடி விழுந்துட்டா வெளிய கீறல் தெரியாட்டியும் மாத்திடுங்க, உள்ள நசுங்கின தெர்மோகோல் இன்னொரு அடியை வாங்காது.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் விடியக்காலைல ஏற்காடு போய் மொத்தத்தையும் மாட்டிக்கிட்டுப் புல் தரையில பத்து தடவை விழுந்து பாருங்க. கையை விரிச்சு ஊன்றாம முஷ்டியை மடக்கி முன்கையில விழணும், பின்னாடி விழறப்ப தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும். எந்த பேட் நகருதுன்னு அப்பவே தெரிஞ்சுடும், மாத்த கடைக்கும் நேரம் இருக்கும்.