சர்ஜிங்: 'எழுச்சி' வேண்டாம், 'சுழல்வேக ஊசல்' எப்படி?

நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, பந்தயப் படகு எஞ்சினின் சர்ஜிங்குக்கு, அதாவது திராட்டிலை (வேகம் கூட்டிக் குறைக்கும் பிடியை) அசைக்காமலே சுற்று கூடிக் குறைவதற்கு, இதுவரை எழுச்சி, துள்ளல், ஏற்றவிறக்கம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் வேண்டாம் என்பது என் கட்சி.

> சர்ஜ் என்றால் எழுச்சி. மின்சாரத்தில் ஏற்கெனவே மின்னழுத்த எழுச்சி இருக்கிறது. எஞ்சினுக்கும் அதையே வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. மின்னழுத்தம் சட்டென எழும், அடங்கும், அவ்வளவுதான். இங்கே ஓட்டுநர் திராட்டிலை ஒரே இடத்தில் பிடித்திருக்கிறார்; ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) முள் 6000-லிருந்து 5400-க்கு இறங்கி, மறுபடி 6000-க்கு ஏறி, திரும்பவும் இறங்குகிறது. இறங்குவதுதான் நோயின் பெரிய பாதி; 'எழுச்சி' அதைத் தொடவே இல்லை. போதாததற்கு, படகு வடிவமைப்பில் சர்ஜ் என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. மிதக்கும் கலத்தின் ஆறு அசைவுகளில், முன்னும் பின்னுமாக நகர்வதற்கு அந்தப் பெயர். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவில் காற்று எதிர்த்திசையில் திரும்புவதற்கும் அதே பெயர்தான். ஆங்கிலம் ஒரே சொல்லை இத்தனை இடத்தில் போட்டுக் குழம்புகிறது என்பதற்காக நாமும் குழம்ப வேண்டியதில்லை.

துள்ளலைப் பத்திரமாக எடுத்து வைப்போம். படகு மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடுவதற்கு, அதாவது போர்பாய்சிங்குக்கு, அதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஏற்றவிறக்கம் பங்குச் சந்தைக்குப் போகட்டும்.

பட்டறையில் 'எஞ்சின் ஏறி ஏறி இறங்குது' என்கிறார்கள். விளக்கமாக இதை யாராலும் வெல்ல முடியாது. ஆனால் 'ஏறியிறங்கல்' என்று பெயர்ச்சொல்லாக்கினால் மாடிப்படி நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே பள்ளி இயற்பியலில் எல்லோரும் படித்த 'தனி ஊசல்' பக்கம் போகலாம் என்கிறேன். ஒரு நிலையைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போது அந்தப் பக்கமும் தாண்டிவிடுவதுதான் ஊசல். சர்ஜிங்கின் உள்வேலையும் அதேதான்.

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது) வைத்த எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வரத்து எங்கோ தடைப்பட்டிருக்கிறது. முழு வேகத்தில் எஞ்சின் கேட்கும் அளவு கிடைக்காததால் மிதவைக் கிண்ணத்தில் மட்டம் இறங்கி, கலவை மெலிகிறது, அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை. சக்தி குறைந்து சுற்றும் குறைகிறது. சுற்று குறைந்ததால் தேவையும் குறைய, கிண்ணம் மீண்டும் நிரம்புகிறது. கலவை சரியாகி எஞ்சின் எகிறுகிறது. எகிறியதும் பழையபடி பற்றாக்குறை. தீராத சுழற்சி. ஐட்லிங்கில் (எஞ்சின் சும்மா ஓடும்போது) ஈசியூ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி காற்றின் அளவைத் தேவைக்கு மேல் திருத்தித் திருத்தி அலைவதும், டீசல் எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் சரியான இடத்தைத் தாண்டித் தாண்டிப் போவதும் இந்த வகையே. ஹன்டிங் என்று தனியாகச் சொல்லப்படும் அதுவும் 'ஊசல்' என்பதற்குள் அடங்கிவிடும். (அதற்கு 'வேட்டை' என்று எழுதிய நண்பர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.)

> சரி, ஊசல் என்றே வைப்போம். ஆனால் 'வேக ஊசல்' போதாதா? 'சுழல்' எதற்கு?

தரையில் போதும், தண்ணீரில் போதாது. படகுக்கு ஒரு வேகம், எஞ்சினுக்கு ஒரு வேகம். நோயைக் கண்டுபிடிப்பதே அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ப்ரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) 24 அங்குலம், கியர் விகிதம் 1.75 (எஞ்சின் 1.75 சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று) என்று வையுங்கள். எஞ்சின் 6000 சுற்றும்போது, துளியும் நழுவாமல் போனால் படகு மணிக்கு சுமார் 125 கிலோமீட்டர் போக வேண்டும். ஜிபிஎஸ் 113 காட்டுகிறது என்றால் நழுவல் 10 சதவீதம், இது இயல்பானதுதான். இப்போது சுற்று 5400-க்கு இறங்கி, சற்றுப் பின்னாலேயே படகும் 102-க்கு வந்தால் நழுவல் கிட்டத்தட்ட அதே 10 சதவீதம். கோளாறு எஞ்சினில், அல்லது அதற்குத் தீனி போடும் குழாயில். அப்படியில்லாமல் சுற்று 6600-க்கு எகிற, படகு 110-க்கு இறங்கினால் நழுவல் 20 சதவீதமாகிவிட்டது. எஞ்சின் மேல் குற்றமில்லை. ப்ரொப்பெல்லருக்குத் தண்ணீரில் பிடி போய்விட்டது. இரண்டையும் 'வேக ஊசல்' என்று எழுதினால் படிப்பவர் எதைக் கழற்றுவார்?

இரண்டாவது வகைக்குத் தனிச் சொற்கள் வேண்டும். மேற்பரப்புக் காற்றை ப்ரொப்பெல்லர் உள்ளே இழுத்துக்கொள்வது, அதாவது வென்டிலேஷன், 'காற்றிழுப்பு'. ட்ரிம்மை (எஞ்சினின் சாய்வை) அளவுக்கு மேல் தூக்கினாலும், திருப்பத்தில் படகு சாய்ந்தாலும் இது வரும். கேவிட்டேஷன் வேறு சங்கதி. ப்ரொப்பெல்லர் இலையின் முதுகில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, சூடேறாமலே தண்ணீர் ஆவிக் குமிழாகிறது. குமிழ் உடையும் இடத்தில் உலோகம் அரிக்கப்படுகிறது. இதற்கு 'ஆவிக்குமிழாக்கம்' என்கிறேன். எஞ்சின் காலில் ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தகட்டைப் பலரும் கேவிட்டேஷன் தகடு என்கிறார்கள். அது தடுப்பதோ காற்றிழுப்பை. நாம் 'காற்றுத்தடைத் தகடு' என்று நேராக எழுதிவிடலாம். ஆனால் பாதி இலை தண்ணீருக்கு மேலே தெரிய ஓடும் பந்தய ப்ரொப்பெல்லர்களில் ஓரளவு காற்றிழுப்பு வடிவமைப்பிலேயே உண்டு. ஆகவே விளக்கக் குறிப்பில் அதைக் கோளாறு என்று எழுதிவிடக் கூடாது.

ப்ரொப்பெல்லர் நடுவிலுள்ள ரப்பர், பிடி விட்டுச் சுற்றுவதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் இடத்துக்குக் 'குடம்' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 'குட வழுக்கல்' என்றால் முடிந்தது. எஞ்சின் எல்லை மீறிச் சுற்றாமல் காக்கும் ரெவ் லிமிட்டர் சுற்றை வெட்டுவதை 'உச்சவெட்டு' எனலாம். காற்றிழுப்பில் எகிறிய எஞ்சின் உச்சத்தைத் தொட்டதும் தீப்பொறி வெட்டி வெட்டி வரும். மெலிந்த கலவையின் ஊசல் நிதானமாக வந்து போகும், இது படபடவென்று அடிக்கும். காது பழகியவர் முள்ளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

> இவ்வளவு பிரிப்பு சாதாரண வாசகருக்குத் தேவையா?

தேவை என்றே நினைக்கிறேன். பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் குமிழையே பாருங்கள். ஊசல் வரும் நேரத்தில் கூட இருப்பவர் அதை அமுக்கிக் கொடுக்க, எஞ்சின் நிதானத்துக்கு வந்தால், வரத்துப் பக்கம்தான் சிக்கல் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். குமிழ் தானாகவே சப்பிப்போயிருந்தால் தொட்டிப் பக்கம் அடைப்பு: காற்றுத்துளை மூடியிருக்கலாம், உறிஞ்சு குழாயின் சல்லடை அடைத்திருக்கலாம். குமிழ் கெட்டியாக இருந்து, அமுக்கியும் பலனில்லை என்றால் எஞ்சின் பக்கம் போகலாம். பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது. உள்ளே இழுவிசை இருப்பதால் காற்றுதான் நுழையும். குழாய் வெளியே உலர்ந்தே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஓரிடத்தில் கண்ணாடிபோல் தெரியும் குழாய்த் துண்டைச் செருகினால் காற்றுக் குமிழ்கள் ஓடுவது தெரியும். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். மெலிந்த கலவையில் சூடு வேறு ஏறும். அப்புறம் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

'ஊசல்' என்றால் கெட்டுப்போன சாப்பாடு நினைவுக்கு வருகிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தனிச்சொல்லாக நின்றால் வரலாம். 'சுழல்வேக' முன்னால் வந்தபின் யாரும் மோந்து பார்க்க மாட்டார்கள். வினையும் சுலபம்: 'சுழல்வேகம் ஊசலாடுகிறது'. 'எஞ்சின் ஊசலாடுகிறது' என்பதை மட்டும் தவிர்ப்போம், எஞ்சின் தன் பிடிமானத்தில் ஆடுவதாகப் படும்.

பதிவுக்கு என் வரைவு:

சுழல்வேக ஊசல்: திராட்டில் மாறாமல் இருக்கும்போதே எஞ்சினின் சுற்று வேகம் திரும்பத் திரும்பக் கூடிக் குறைவது. எரிபொருள் அல்லது காற்று வரத்து, அல்லது வேகக் கட்டுப்பாடு சீராக இல்லாததால் வரும். ப்ரொப்பெல்லர் பிடி இழப்பதால் சுற்று எகிறுவது இதில் சேராது. காண்க: காற்றிழுப்பு, குட வழுக்கல்.

'உச்சவெட்டு' எனக்கே அரைமனதுதான். அதற்கு நல்லது தோன்றினால் எழுதுங்கள்; மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.