சாய்ந்த கூரையுள்ள இஞ்சி ரொட்டி வீடு

ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் நாங்கள் கழித்த இரண்டாவது டிசம்பரில், காட்டில் தின்பண்ட வீட்டைக் காணும் அண்ணன் தங்கையான ஹான்சல், கிரேட்டல் கதையின் படப்புத்தகத்தைக் கொண்டுவந்து, அதில் உள்ளபடியே ஜிஞ்சர்பிரெட், அதாவது இஞ்சி சேர்த்துச் சுட்ட பிஸ்கட் போன்ற ரொட்டியால், வீடு கட்டித் தரவேண்டும் என்று என் ஏழு வயது மகள் கேட்டாள். 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் சுவர் ரொட்டி, கூரை கேக், சன்னல் சர்க்கரை என்றுதான் இருக்கிறது. ஓவியரோ முழு வீட்டையும் இஞ்சி ரொட்டியாக்கி, கூரையை இடப்பக்கம் சாய்த்தும் வரைந்திருந்தார். அந்தச் சாய்வுதான் வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

முதல் முயற்சியில் மாவில் சமையல் சோடா சேர்த்துவிட்டேன். சுவர்கள் அடுப்பில் உப்பிப் பரந்ததால் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை; அவற்றைத் தேநீரோடு தின்று தீர்த்தோம். அடுத்த முறை சோடாவை விட்டுவிட்டு, மாவை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, முதலில் அட்டையில் வெட்டி நிறுத்திப் பார்த்த மாதிரியை அதன்மேல் வைத்து அறுத்து, வெந்த பலகைகள் சூடாக இருக்கும்போதே ஓரங்களை மீண்டும் சீராக்கினேன். சாய்ந்த கூரைக்கு இரண்டு பலகைகளும் ஒரே அளவில் இருக்கக்கூடாது என்பதை அந்த அட்டை மாதிரிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சன்னல் துளைகளில் பொடித்த மிட்டாயை இட்டு, கடைசி ஐந்து நிமிடம் அடுப்பில் உருக்கியபோது, மஞ்சள் கண்ணாடி போலவே வந்தது.

ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்த ஐசிங்கைப் பயன்படுத்தினேன். சுவர்கள் இறுகும் வரை ஓர் இரவு காத்திருக்காமல் அன்றே கூரையை ஏற்றியது என் அவசரம். காலையில் அது முற்றத்தில் கிடந்தது.

*

மேலே எழுதிய சகோதரிக்கு: எங்கள் சிங்கப்பூர் வீட்டில் ஐசிங் நன்றாகவே இறுகியது, ரொட்டிதான் நமுத்துப்போனது. மாவிலுள்ள தேனும் பழுப்புச் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை அப்போது நான் எண்ணிப்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கூரையின் நடுப்பகுதி தொட்டில்போல் குழிந்தது. அடுத்த ஆண்டு பலகைகளைக் குறைந்த சூட்டில் மீண்டும் ஒருமுறை உலர்த்தி, குளிரூட்டிய அறையிலேயே வைத்தேன். இரண்டு வாரம் நின்றது. ஐசிங்குக்குப் பதிலாகச் சர்க்கரையைப் பொன்னிறமாக உருக்கியும் ஒட்டலாம். அது நொடியில் பிடித்துக்கொள்ளும், ஆனால் விரலில் பட்டால் கொப்புளம்தான். குழந்தைகளை அருகில் விடவேண்டாம்.

*

நன்றி, சகோதரி. சர்க்கரைப் பாகில்தான் நானும் பிறகு கூரையை ஒட்டினேன். அவசரத்தில் அது படத்தில் இருந்ததற்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. மகள் நெடுநேரம் பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கண்ணாடிக்கு முன் பிடித்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.