'போல்ட்' என்ற ஆங்கிலச் சொல் பற்றி ஓர் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. திடீர் அசைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். இப்போது 'போல்ட்'. பழைய ஆங்கிலத்தில் அது குட்டையான, கனத்த அம்பு. அந்த அம்பின் வேகம்தான் பிறகு வினையாகிவிட்டது: குதிரை மிரண்டு பாய்ந்தோடினாலும் போல்ட், சாப்பாட்டை மெல்லாமல் அவசரமாக விழுங்கினாலும் போல்ட், கீரை சட்டென்று பூத்தண்டு விட்டாலும் போல்ட். எவ்வளவு அழகான விரிவு! கதவுத் தாழ்ப்பாளும் இதே வேர்தான். மாவு சலிப்பதைக் குறிக்கும் போல்ட் மட்டும் பழைய பிரெஞ்சு வழி வந்த வேறு சொல்.

துணிச்சுருளுக்கும் இந்தப் பெயர் வந்தது வடிவத்தாலா? அப்புறம், மிரண்ட குதிரையின் ஓட்டத்துக்கு உங்கள் வட்டார வழக்கில் தனிச்சொல் உண்டா? 'பாய்ச்சல்' என்றால் அந்த மிரட்சி வரவில்லை. தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.