காய்ச்சல் வலிப்பு: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ

மூன்று வயது மகனுக்குப் போன கிழமை காய்ச்சலோடு வலிப்பு வந்தது, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்து, வாயோரம் நுரை. சரித்துப் படுக்கவைத்து மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன், அப்பம்மாவோ, பிள்ளையின் கையில் இரும்புத் திறப்பைக் குடு என்று கத்திக்கொண்டே நின்றா (வாய்க்குள் கரண்டி வைக்க மட்டும் நான் விடவில்லை). கொஞ்சத்தில் தானாக நின்றது. 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு எடுக்க வேணும், பனடோல் காய்ச்சலைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்காது என்றார் டொக்டர். திரும்பவும் வரலாமாம். சரி, என் பிரச்சினை இதுதான்: நான் வேலைக்குப் போனால் அப்பம்மாதான் பார்க்கிறா, வயதானவர்களுக்கு இதை எப்படிப் பழக்கினீர்கள்? முன்பள்ளி ரீச்சருக்கு எழுதிக் கொடுத்தீர்களா? அப்புறம், சாவகச்சேரிப் பக்கம் இரவில் அம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகிறது?