நாட்டின் எரிசக்தித் தற்சார்புக்கு நம் கடற்கரை மணல் வேண்டும் என்றால், மறுக்க நமக்கு உரிமை உண்டா?

கேள்வி – கொல்லங்கோட்டு வாசகர்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து எங்கள் பகுதி மக்கள் திரண்டதை அறிந்திருப்பீர்கள். 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் அந்த எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. எதிர்ப்பு மனுவில் நானும் கையெழுத்திட்டவன்.

பொறியியல் படிக்கும் என் தம்பி மகன் சென்ற வாரம் கேட்டான்: "பெரியப்பா, உங்கள் பைக்குக்கு ஊற்றும் பெட்ரோல் அரபு நாட்டிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ வருகிறது. அணுமின்சாரத்துக்கு உதவும் தோரியம் நம் காலடி மணலில் கிடக்கிறது. இதுவும் வேண்டாம், கூடங்குளமும் வேண்டாம் என்றால் நாடு என்றைக்குச் சொந்தக் காலில் நிற்கும்?" கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறோம் என்பதால் அவன் கேள்வியை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. கையெழுத்திட்டதற்காக நான் வருந்தவும் இல்லை. அவனுக்கு நேர்மையாக என்ன பதில் சொல்லலாம்?

பதில் 1 – ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

ஐயா, அந்தப் பிள்ளையின் கேள்வி நல்ல கேள்வி. அதைத் தேசபக்திக் கேள்வியாக மாற்றிவிடாமல், அறிவியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

வகுப்பில் நான் ஆண்டுதோறும் ஒன்று செய்து காட்டுவதுண்டு. மணவாளக்குறிச்சி மணலை ஒரு தாளில் பரப்பி, வலுவான காந்தத்தை மேலே கொண்டுபோனால், கரிய இல்மனைட் துகள்கள் தாவி ஒட்டிக்கொள்ளும். தாளில் எஞ்சும் மணலை உருப்பெருக்கியில் பார்த்தால், அங்கங்கே தேன்நிறத்தில் சில மணிகள் தெரியும். அவைதான் மோனசைட் என்ற கனிமம்; தோரியம் இருப்பது அதில்தான். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909-இல் ஒரு ஜெர்மானிய வேதியியலர் அதைக் கண்டுபிடித்த நாள் முதல் நம் கரைக்கு வெளியுலகில் விலை உண்டு.

ஆனால் தோரியத்தை அப்படியே உலையில் இட்டு மின்சாரம் எடுக்க முடியாது. அது நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே எரிபொருளாகும். அதனால்தான் அணு அறிவியலாளர் ஹோமி பாபா நாட்டின் அணுமின்சாரத்துக்கு வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் தோரியம் மூன்றாம் கட்டத்தில் வருகிறது. இரண்டாம் கட்டத்துக்கான 500 மெகாவாட் உலையின் கட்டுமானம் கல்பாக்கத்தில் 2004-இல் தொடங்கியது. அந்த உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. ஆகவே, இந்த மணலை இன்றே அள்ளாவிட்டால் நாளை விளக்கு எரியாது என்ற அவசரம் எதுவும் இல்லை. மோனசைட்டில் அருமண் தனிமங்களும் உள்ளன. மின்வாகன மோட்டாருக்கும் பல காற்றாலைகளுக்கும் வேண்டிய காந்தங்கள் அவற்றிலிருந்து வருகின்றன. அந்தத் தேவை உண்மையானது, அதை மறைத்து வாதாடுவது சரியல்ல. ஆயினும் அள்ளப்படும் கனிமத்தில் பெரும்பங்கு வெள்ளை வண்ணப்பூச்சுக்குப் போகும் இல்மனைட்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூடங்குளத்தில் தலா ஆயிரம் மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகளும் ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்குகின்றன. மின்சாரம் கிடைப்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எரிபொருளுக்கு இன்னொரு நாட்டை எதிர்பார்க்கும் ஓர் ஏற்பாட்டைத் தற்சார்பு என்று அழைத்து, இடிந்தகரையில் கேள்வி கேட்ட மக்கள்மீது தேசத்துரோக வழக்குப் போட்டதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

பதில் 2 – ஆரல்வாய்மொழி விவசாயி

ஆசிரியர் ஐயா சொன்னதோடு, நம் மாவட்டத்திலேயே கண்ணெதிரே நிற்கும் தற்சார்பையும் அந்தத் தம்பிக்குக் காட்டுங்கள். முப்பந்தல் சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகளின் நிறுவுதிறன் ஏறத்தாழ 1,500 மெகாவாட். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூக் குவியலை ஈரச்சாக்குப் போட்டு மூடி, அதன்மேல் கல்லையும் வைத்தால்தான் பூ நிற்கும். அந்தக் காற்றுக்கு நாம் யாருக்கும் டாலர் கொடுப்பதில்லை. இங்கே நிற்கும் பழைய ஆலைகளில் பல 225, 250 கிலோவாட் அளவிலானவை. அவற்றில் பத்தை எடுத்துவிட்டு 2.5 மெகாவாட் ஆலை ஒன்றை நிறுத்தினால், அதே திறன் ஒரே கோபுரத்தில் கிடைத்துவிடும். அதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2024-இல் வெளியிட்டும் இருக்கிறது. புதிய நிலத்தைத் தேடுவதற்கு முன் இதை முடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

காற்றாலையாலும் துன்பம் உண்டு. எங்கள் வயலுக்கு நீர் வரும் ஓடையைக் குறுக்கே வெட்டி ஒரு நிறுவனம் கேபிள் பதித்ததில், இரண்டு பூ (போகம்) நெல் போயிற்று. மனுமேல் மனு கொடுத்து, அதிகாரிகள் நேரில் வந்து பார்த்த பிறகுதான் குழாய் போட்டுத் தந்தார்கள். நாங்கள் காற்றாலையை எதிர்த்தவர்கள் அல்லர்; எங்கள் ஓடையைப் பற்றி எங்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இரண்டு பூவும் விளைந்திருக்கும்.

பதில் 3 – தூத்தூர் மீனவர் குடும்பத்துப் பெண்

நான் மணலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2004 சுனாமியில் கொட்டில்பாட்டில் என் சித்தியின் வீடு போயிற்று. அதே நாளில், உயரமான மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த வேறொரு உறவினர் வீட்டில் வாசலோடு தண்ணீர் நின்றுவிட்டது. அந்த மேட்டை வெறும் கனிம இருப்பு என்று ஒருவர் சொல்லும்போது எங்கள் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றத்தை அறியாமை என்று சொல்பவர்கள் ஒரு மழைக்காலம் எங்கள் கரையில் வந்து தங்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்களுக்கு அந்த மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மக்கள் மொழியில் தந்து, முப்பது நாள் அவகாசம் கொடுத்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கருத்துக் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கருத்துக்கேட்பிலிருந்தே மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. ஓகிப் புயலில் கணவரையும் மகனையும் தேடிக் கரையில் நின்ற பெண்களுக்கு, அரசின் காதில் விழும்படி பேச இருந்த ஓர் இடமும் இதனால் இல்லாமல் போகிறது. எங்கள் படகுகளும் டீசலில்தான் ஓடுகின்றன. விலை ஏறும் ஒவ்வொரு முறையும் தங்கலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகும் செலவு எங்கள் கையைத்தான் கடிக்கிறது. தற்சார்பு எங்களுக்கும் வேண்டும். எங்களைக் கேட்காமல் அதைக் கொண்டுவரலாம் என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வருகிற ஞாயிறு தம்பி மகனை மணவாளக்குறிச்சிக்கு அழைத்துப் போகிறேன், காந்தமும் உருப்பெருக்கியும் கொண்டுபோகிறோம். திரும்பும் வழியில் கொட்டில்பாட்டிலும் இறங்குவோம். தங்கச்சி, அந்த 2006 அறிவிக்கையின் தமிழ் வடிவம் உங்களிடம் இருந்தால் இங்கே பதிவிடுங்கள். அவனோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும்.